உவர் நிலத்தில் எரு எதைச் செய்யும், எதைச் செய்யாது

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வேதாரண்யம் பக்கம், கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் ஒன்றரை ஏக்கர் நிலம். சித்திரை வந்தால் தரை வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. மூன்று முறை வைத்த மாங்கன்றும் எலுமிச்சையும் இலை நுனி கருகிப் போய்விட்டன. ரசாயனம் வேண்டாம்; தொழு உரம், மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு, ஜீவாமிர்தம் (சாணம், கோமியம், வெல்லம் கலந்து புளிக்கவைத்த கரைசல்) இவற்றை வைத்தே உப்பை முறித்து மரம் வளர்க்க முடியுமா, குழிக்கு எத்தனை கிலோ போட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது கிலோ கணக்கு என்றாலும், இந்த நிலத்தில் இன்னும் பணம் போடலாமா, மர ஆசையை விட்டுவிடலாமா என்பதுதான் உள்ளே இருக்கிற கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் மண் பரிசோதனை வேலையில் இருந்தவன் நான். காவிரிக் கடைமடை மண்ணைத்தான் அதிகம் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். முதலில் கசப்பான செய்தி: எந்த எருவும் உப்பை முறிக்காது. உப்பு மக்கிப் போகிற பொருளில்லை, எரிந்து போகிற பொருளுமில்லை. தண்ணீர் கரைத்துக்கொண்டு கீழேயோ வெளியேயோ போனால்தான் அது வேர் இருக்கும் இடத்தை விட்டுப் போகும். எருவுக்கு இதில் இரண்டு வேலை. அந்தத் தண்ணீர் இறங்க மண்ணில் வழி உண்டாக்குவது ஒன்று, இறங்கிய உப்பு கோடையில் மறுபடி மேலே ஏறாமல் தடுப்பது இன்னொன்று. இரண்டும் சின்ன வேலை இல்லை. ஆனால் தண்ணீருக்குப் போக இடமே இல்லாத நிலத்தில் நூறு வண்டி எரு அடித்தாலும் பலன் வராது.

அடுத்து, உங்கள் மண் உவரா, களரா என்று தெரிய வேண்டும். ஊர்ப் பேச்சில் இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம். வைத்தியம் வேறு வேறு. உவர் மண்ணில் கரையும் உப்பு நிறைய இருக்கும், வெள்ளைப் பொருக்கு பூக்கும், ஆனால் மண் பொலபொலப்பாகவே இருக்கும். களர் மண்ணில் சோடியம் மண் துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மழையில் சேறாகி, காய்ந்தால் கல்லாகி, தண்ணீர் மேலேயே கலங்கி நிற்கும். பி.எச். எட்டரைக்கு மேல் போகும். சில இடங்களில் கரைந்த மக்குப் பொருள் மேலே வந்து கறுப்பாகப் படிந்திருக்கும். ஈ.சி. (மின்கடத்து திறன்; உப்பு கூடினால் இந்த எண்ணும் கூடும்) மீட்டருக்கு 4 டெசி சைமன்ஸுக்கு மேல் இருந்தால் உவர், மாற்றக்கூடிய சோடியம் (துகளில் ஒட்டியிருப்பவற்றில் சோடியத்தின் பங்கு) நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் இருந்தால் களர் என்பது பாடப்புத்தகக் கணக்கு. இங்கே ஒரு சிக்கல் உண்டு. அந்த 4 என்பது மண்ணைக் கூழாகக் குழைத்துப் பிழிந்தெடுத்த சாற்றுக்கான அளவு. நம் ஊர்ப் பரிசோதனைக் கூடங்களில் பெரும்பாலும் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து பார்க்கிறார்கள். நீர்த்துப் போவதால் எண் குறைந்து வரும். மண் பரிசோதனை அட்டையில் 1.5 என்று பார்த்துவிட்டு "நாலுக்குக் கீழேதானே" என்று நிம்மதி அடைந்து, கன்று வைத்து ஏமாந்தவர்கள் பல பேர். எந்த முறையில் எடுத்த எண் என்று கேட்டு வாங்குங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். நிலத்திலிருந்து காய்ந்த சின்ன மண்கட்டியை எடுத்து, கண்ணாடித் தம்ளரில் மழைத் தண்ணீரை ஊற்றி அதில் மெதுவாகப் போட்டு ஆட்டாமல் வையுங்கள். சில மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால் கரைத்தது போலக் கலங்கினால் களர்க் குணம் இருக்கிறது. கட்டி சரிந்து விழுந்தும் தண்ணீர் தெளிவாக இருந்தால் அந்தக் குணம் இல்லை, அல்லது உப்பு மிகுதியால் மறைந்து நிற்கிறது. இந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். உவரும் களரும் சேர்ந்த மண்ணில் உப்பு இருக்கும் வரை துகள்கள் ஒட்டிக்கொண்டு நன்றாகவே தெரியும். நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவியதும் சோடியம் தன் வேலையைக் காட்டி மண் இறுகிவிடும். அதனால் தம்ளர் சோதனையை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

களர் என்று வந்துவிட்டால் எரு மட்டும் போதாது, ஜிப்சம் வேண்டும். ரசாயனம் வேண்டாம் என்று சொன்னீர்கள். ஜிப்சம் பூமியில் தோண்டி எடுக்கிற கனிமம்தான், அதைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை. அதிலுள்ள கால்சியம் துகளிலிருந்து சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். வெளியே வந்த சோடியத்தைத் தண்ணீர் கொண்டுபோகும். ஹரியானாவின் கர்னாலில் இருக்கிற, 1969-இல் தொடங்கிய மத்திய மண் உவர் ஆராய்ச்சி நிலையத்தார் களர் நிலத்தில் மரம் வைக்க ஒரு முறை கொண்டுவந்தார்கள். அகலக் குழிக்குப் பதிலாக, துரப்பணத்தால் 15 முதல் 20 சென்டிமீட்டர் விட்டத்தில் நாலடிக்கும் கூடுதலான ஆழத்துக்குத் துளை போட்டு, அடியிலுள்ள சுக்கான் அடுக்கையும் (இறுகிய சுண்ணாம்புக் கல் அடுக்கு) துளைத்துவிட வேண்டும். எடுத்த மண்ணோடு 3 முதல் 5 கிலோ ஜிப்சம், 8 முதல் 10 கிலோ தொழு உரம் கலந்து நிரப்பிக் கன்று வைக்க வேண்டும். வேர் அந்தத் துளை வழியே நேராகக் கீழே இறங்கி, நல்ல மண்ணையும் ஈரத்தையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய இரண்டரை கிராம் ஜிப்சம்தான் கரையும். ஐந்து கிலோ கரைய இரண்டாயிரம் லிட்டர் வேண்டும். நான்கு குடம் ஊற்றிவிட்டு ஜிப்சம் வேலை செய்யவில்லை என்றால் அது யார் குற்றம்?

நீங்கள் சொன்ன அடையாளங்களைப் பார்த்தால் உங்களுடையது பெரும்பாலும் உவர். வெறும் உவருக்கு ஜிப்சம் போடுவது வீண் செலவு, உப்போடு இன்னொரு உப்பைச் சேர்ப்பதுதான். அங்கேதான் எருவுக்கு முழு வேலை இருக்கிறது. மக்கிய எரு மண் துகள்களைச் சின்னச் சின்ன உருண்டைகளாகக் கட்டும். இடையில் துளை உண்டாகும். மழை அந்தத் துளை வழியே இறங்கும். நுண்ணுயிரும் வேரும் விடுகிற கரியமில வாயு தண்ணீரில் கரைந்து, மண்ணில் ஏற்கெனவே இருக்கிற சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கால்சியத்தை விடுவிக்கும். சுண்ணாம்பு உள்ள மண்ணில் இது ஜிப்சம் செய்கிற வேலையை மெதுவாகச் செய்வது போல. வைக்கோல், சருகு என்று மண்ணின் மேலே போடுகிற மூடாக்கு வெயிலைத் தடுத்து ஆவியாவதைக் குறைக்கும். வெள்ளைப் பூப்பு எப்படி வருகிறது? அடியிலுள்ள உப்புத் தண்ணீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல மேலே ஏறி, தண்ணீர் ஆவியாகி உப்பை விட்டுப் போகிறது. திரியின் தலையை மூடிவிட்டால் ஏற்றம் தளர்கிறது. என் அனுபவத்தில் உவர் நிலத்துக் கன்றுக்குக் குழிக்குள் போட்ட எருவைவிட மேலே போட்ட மூடாக்குதான் அதிகம் உயிர் காத்திருக்கிறது. இதைப் பலர் நம்புவதில்லை. எரு கண்ணுக்குச் செலவாகத் தெரிகிறது, வைக்கோலும் தென்னை மட்டையும் குப்பையாகத் தெரிகிறது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகை மாவட்ட வயல்களில் மண் மாதிரி எடுக்கப் போனவர்களில் நானும் ஒருவன். கடல் தண்ணீரின் ஈ.சி. ஏறக்குறைய 50. அது வயலில் ஏறி நின்று வற்றியிருந்தது. பத்து வருஷத்துக்கு இங்கே புல்கூட முளைக்காது என்று பேசிக்கொண்டார்கள், எனக்கும் அந்தப் பயம் இருந்தது. 2005 வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தது. மணற்பாங்கான, வடிகால் உள்ள வயல்களில் உப்பு ஒரே பருவத்தில் கீழே இறங்கிவிட்டது. வரப்பைக் கட்டி மழையைத் தேக்கியவர்கள், தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடியை விதைத்து மடக்கி உழுதவர்கள் வயலில் மாற்றம் சீக்கிரம் தெரிந்தது. பள்ளமான களிமண் வயல்களில், கடல் மட்டத்தை ஒட்டிய தாழ்வில், அத்தனை மழைக்குப் பிறகும் உப்பு நின்றது. பெய்த மழை ஒன்றுதான், எருவும் ஏறக்குறைய ஒன்றுதான். தண்ணீர் போக வழி இருந்ததா என்பதில்தான் வித்தியாசம். அதற்கப்புறம் எந்த உவர் நிலத்துக்குப் போனாலும் நான் முதலில் எருக்குழியைப் பார்ப்பதில்லை, வாய்க்காலைப் பார்க்கிறேன்.

சரி, எந்த எரு? நன்றாக மக்கிய மாட்டுத் தொழு உரம் முதல் தேர்வு. மக்காத சாணம் வேண்டாம். கோழி எருவில் சத்தோடு உப்பும் கூடுதல். ஒரு தடவை, சத்து அதிகம் என்ற ஆசையில் என் சொந்தக் கொல்லையில் ஆறு மாங்கன்றுக்குக் குழி நிறையக் கோழி எருவைக் கொட்டினேன். மூன்று வாரத்தில் ஆறும் நுனி கருகின. மண் பரிசோதனைக்காரன் வீட்டு மரத்துக்கு இந்தக் கதி என்று வீட்டில் இன்னும் கேலி நிற்கவில்லை. தென்னை நார்க்கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீர் பிடிக்கும், மூடாக்குக்கு அருமையான பொருள். ஆனால் காயலில் ஊறவைத்த மட்டையிலிருந்து வந்ததானால் அதுவே உப்புச் சுமக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு, கடைசி அலசலை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் இன்னொரு முறை. மக்க வைக்காமல் மண்ணில் கலந்தால் செடிக்குரிய தழைச்சத்தை அது மக்குவதற்குப் பிடித்துக்கொள்ளும். சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து மக்கவைப்பது வேளாண் பல்கலைக்கழக முறை. யூரியா வேண்டாம் என்றால் சாணக் கரைசலும் பசுந்தழையும் சேர்த்து அதிக நாள் காத்திருக்க வேண்டும். சர்க்கரை ஆலைக் கழிவான பிரஸ்மட் கிடைத்தால் நல்லது. கந்தகப் புகை முறையில் சாறு தெளிய வைக்கும் ஆலையிலிருந்து வருவது களருக்கும் உதவும். கடற்பாசியைக் கரையிலிருந்து அள்ளி அப்படியே போடாதீர்கள். அடுப்புச் சாம்பலும் கரித்தூளும் காரத் தன்மை உள்ளவை, களர்க் குணம் இருக்கிற மண்ணுக்கு ஆகாது. குளத்து வண்டல் நல்லதுதான், அந்தக் குளத்துத் தண்ணீர் கரிக்காத வரைக்கும்.

கிலோ கணக்கு கேட்டீர்களே: மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழக் குழியில் ஏறக்குறைய ஒரு டன் மண் இருக்கிறது. அதில் 15 கிலோ தொழு உரமும் இரண்டு கிலோ மண்புழு உரமும் கலப்பது என் வழக்கம். அதற்கு மேல் போனால் மக்க மக்கக் குழி அமுங்கி, கன்று பள்ளத்தில் நிற்கும், உப்புத் தண்ணீர் அங்கே சேரும். நம் வெயிலில் எரு சீக்கிரம் கரைந்துபோகும், ஒரு முறை கொட்டிவிட்டு மறந்துவிடுகிற காரியமில்லை. ஆண்டுக்கு ஒரு முறை மேலே பத்துக் கிலோ, நாலு விரல் கனத்துக்குக் குறையாமல் மூடாக்கு, தண்டைத் தொடாமல் ஒரு சாண் விட்டு. இதை ஐந்து வருஷம் செய்தால் மண் மாறும்.

எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் கெடுத்துவிடக்கூடிய இன்னொன்று இருக்கிறது, போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். அதைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. ஒரு கணக்குப் போடுவோம். தண்ணீரின் ஈ.சி. 2 என்றால் லிட்டருக்கு ஒன்றேகால் கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாக உப்பு. கன்றுக்கு ஒரு தடவை 20 லிட்டர் என்றால் 25 கிராம். ஒரு கோடையில் நூறு தடவை ஊற்றினால் ஒரு குழியில் இரண்டரை கிலோ உப்பை உங்கள் கையாலேயே கொட்டுகிறீர்கள். எந்த மண்புழு உரம் இதற்கு ஈடு கொடுக்கும்? கடலோரத்தில் மழையின் நல்ல தண்ணீர், கனமான உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. நல்ல தண்ணீர் மட்டம் ஓரடி இறங்கினால், கணக்குப்படி அடியிலிருந்து உப்புத் தண்ணீர் நாற்பது அடி வரை மேலே ஏறப் பார்க்கும். ஆழ்துளை போட்டு உறிஞ்சுவதைவிட, மேலோட்டமான ஊற்றுக் குழியோ மழைத் தண்ணீர்ப் பண்ணைக் குட்டையோ உங்களுக்கு ஏற்றது. வேதாரண்யத்தில் மா நன்றாக நிற்கிறதே என்பீர்கள். நிற்கிறது, மணல் மேடுகளில், இந்த நல்ல தண்ணீர்ப் படலத்தின் மேல். அதே ஊரில் உப்பளத்தை ஒட்டிய பள்ளத்தில் நிற்காது. உங்கள் நிலம் மேடா பள்ளமா?

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். நாகைக் கரையில் ஆண்டுக்குச் சுமார் 1,300 மில்லிமீட்டர் மழை, பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும். ஓரடி ஆழத் தண்ணீர் இறங்கினால் ஓரடி மண்ணிலுள்ள உப்பில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு போய்விடும் என்பது பொதுவான கணக்கு. வானம் கொடுப்பது நாலடிக்கு மேல். ஆகவே ஆனியிலேயே நிலத்தைச் சமன் செய்து, சுற்றிலும் வரப்புக் கட்டி, தாழ்ந்த பக்கம் இரண்டடி மூன்றடி ஆழத்தில் வடிகால் எடுத்துவிடுவேன். ஆடி மழை ஈரத்தில் ஏக்கருக்கு இருபது கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூ வரும்போது மடக்கி உழுவேன். மரம் வைக்கும் இடங்களில் இரண்டடி உயரம், ஐந்தாறு அடி அகலம் மேடு போட்டு எருவைக் கலந்துவைப்பேன். முதல் மழையிலேயே கன்று வைக்க மாட்டேன். அந்த மழை உப்பைக் கரைத்து வேர் மட்டத்தில்தான் நிறுத்தும். நாலைந்து பலத்த மழை மேட்டைக் கழுவிய பிறகு, கார்த்திகை வாக்கில் நடுவேன். நட்ட அன்றே மூடாக்கு. கோடையில் தண்ணீரைக் குறைத்து அடிக்கடி தெளிப்பதைவிட, இடைவெளி விட்டு நிறைய ஊற்றுவது நல்லது. கொஞ்சமாக ஊற்றினால் உப்பு வேரைச் சுற்றியே நிற்கும். பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் விட்டு மேட்டை நனைத்தால் உப்பு மேட்டின் உச்சியில் வந்து சேரும், கன்று அங்கேதான் இருக்கிறது. தண்ணீர் மேலிருந்துதான் போக வேண்டும்.

மரத் தேர்வில் நீங்கள் கொஞ்சம் இறங்கி வர வேண்டும். மாவும் எலுமிச்சையும் உப்பைத் தாங்காத மரங்கள், எரு அவற்றின் பிறவிக் குணத்தை மாற்றாது. முதலில் கடல் காற்றுப் பக்கம் சவுக்கு, பூவரசு, புன்னை, புங்கன், பனை. சவுக்கு வேரில் வாழும் நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தை இழுக்கும், அதன் சருகே மூடாக்காகும். பழத்துக்குச் சப்போட்டா, இலந்தை, கொடுக்காப்புளி, நாவல். தென்னை சரியாக வரும். உப்பிலுள்ள குளோரைடு அதற்கு வேண்டிய சத்தும்கூட. குழியில் இரண்டு அடுக்கு தேங்காய் மட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்கப் புதைத்து வையுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அங்கே தென்னையை என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, அதனால் தென்னை மட்டுமே என்று நிறைக்க வேண்டாம். சீமைக்கருவேல் எந்த உப்பிலும் வரும், அதன் அடியில் மண் திருந்துவதும் உண்மை. இருந்தாலும் வைக்கச் சொல்ல மாட்டேன், பிறகு அதை ஒழிக்க உங்கள் பேரன் காலம் வரை ஆகும். மூன்று நான்கு ஆண்டு நிழலும் சருகும் சேர்ந்த பிறகு, மேட்டில் ஒரே ஒரு மாங்கன்றை வைத்துப் பாருங்கள், ஆசைக்காக.

இதுவரை சொன்னதில் பெரும்பாலானது எனக்கு உறுதி. இனி வருவது சந்தேகத்துக்கு உரியது. ஜீவாமிர்தமும் பஞ்சகவ்யமும் மண்ணில் நுண்ணுயிரைத் தூண்டும். உப்பு ஒரு கிராம்கூட அவற்றால் வெளியேறாது. கெடுதல் இல்லை, கழுவி முடித்த மண்ணில் ஊற்றுங்கள். வேர் உட்பூசணத்தை (வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சை) நாற்றுப் பையிலேயே கலப்பதை நான் செய்கிறேன். தொட்டிச் சோதனைகளில் உப்பைத் தாங்க அது உதவுவது தெரிகிறது, வயலில் ஒரு இடத்தில் கைகொடுத்து இன்னொரு இடத்தில் ஏமாற்றுகிறது. என் கன்றுகள் பிழைத்தது அதனாலா, மூடாக்கினாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. "உப்பு முறிப்பான்" என்று பாட்டிலில் வருகிறவற்றை வாங்கும் முன், உப்பு எங்கே போகும் என்று விற்பவரிடம் கேளுங்கள்.

உங்கள் மண்ணைப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் நினைவில் வையுங்கள். கோடையில் நிலத்தடித் தண்ணீர் மூன்றடிக்குள் நின்றால், வடிகாலுக்கும் இறக்கம் இல்லையென்றால், மேலே எழுதியதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. அப்போது உயரமான மேடும் கடலோர மரங்களும் மட்டும்தான். அதைத் தெரிந்துகொள்ள வைகாசியில் நிலத்தின் நடுவில் நாலடிக் குழி ஒன்று தோண்டி, மறுநாள் காலையில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அதே நாளில் மாதிரியும் எடுங்கள்: மேல் அரையடி தனி, அடுத்த அரையடி தனி, இரண்டாவது அடி தனி. வெள்ளை பூத்த இடத்து மண்ணையும் பூக்காத இடத்து மண்ணையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். குழியில் ஊறிய தண்ணீர் ஒரு பாட்டில், போர் தண்ணீர் ஒரு பாட்டில். உப்பு மூட்டையாக இருந்த பழைய சாக்கில் மண்ணைக் கட்டிக் கொண்டுவராதீர்கள்; அப்படியும் ஒருவர் கொண்டுவந்திருக்கிறார்.